60,000 ரூபாய்க்கு முதல் டிஎஸ்எல்ஆர்: எந்த பாடி, எந்த லென்ஸ்?

நீங்கள் கேட்டிருப்பது இது: கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. கேனான் 1500டி-யை இரண்டு லென்ஸோடு புதிதாக வாங்கலாமா, தெரிந்தவர் ஒருவர் விற்கிற நிக்கான் டி5600-ஐ எடுக்கலாமா, இல்லை டிஎஸ்எல்ஆரே வேண்டாம் என்று, உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கேமராவுக்குப் போய்விடலாமா? ஆனால் கேள்விக்குக் கீழே போகிற போக்கில் நீங்கள் எழுதிய சில வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது, சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் போனில் எடுத்தால் கலங்கிப் போகிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவில் ராத்திரி வீதியுலா எடுக்க ஆசை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பக்கத்தில்தான் இருக்கிறது, போனில் கூழைக்கடா வெள்ளைப் புள்ளியாகத்தான் விழுகிறது. அப்படியானால் உங்களுக்கு ஓரிடத்தில் வெளிச்சம் போதவில்லை, இன்னோரிடத்தில் தூரம் எட்டவில்லை. இருக்கிற பணத்தில் எதை முதலில் சரிசெய்வது என்பதே கேள்வி. அதற்கு விடை லென்ஸில் இருக்கிறது. பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை, அப்புறம் பார்ப்போம்.

நான் மதுரையில் 18 வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களோடு கடைக்குப் போய் நிற்பதும் வழக்கமாகிவிட்டது. அதனால் வீட்டுக்குள், மண்டபத்துக்குள், ராத்திரி வெளிச்சத்தில் எது வேலை செய்யும் என்று உறுதியாகச் சொல்வேன். பறவை என் தொழில் இல்லை, வருஷத்துக்கு நாலைந்து நாள் கேமராவோடு கண்மாய்க் கரையில் உட்காருவதோடு சரி. அந்தப் பகுதியில் நான் சொல்வதை, பறவைக்கென்றே அலைகிற ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் அதற்குள் போகவில்லை.

முதலில் வெளிச்சம். இது கணக்கு, அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. டிஎஸ்எல்ஆர் கிட்டில் (பாடியும் லென்ஸும் சேர்த்து விற்பது) வழக்கமாகக் கூட வருகிற 18-55 எம்எம் லென்ஸ், 55-க்கு இழுத்தால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எம்எம் எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துவாரம் (அப்பர்ச்சர்) அகலமாகத் திறக்கும். எஃப் 1.8 வரை திறக்கிற ஒரு பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாத லென்ஸ்) அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். டியூப்லைட் எரிகிற ஒரு சாதாரண ஹாலில் ஐஎஸ்ஓ-வை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 3200-ல் வைத்து கிட் லென்ஸில் எடுத்தால் ஷட்டர் வேகம் 1/60 நொடி பக்கம் வந்து நிற்கும். அதே ஹாலில், அதே ஐஎஸ்ஓ-வில், எஃப் 1.8 லென்ஸ் போட்டால் 1/500-ஐத் தாண்டும். இரண்டு வயதுப் பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடுகிற நேரத்தில் 1/60-ல் முகம் இழுபட்டுத்தான் விழும். குறைந்தது 1/250 வேண்டும். கடையில் "இந்த லென்ஸில் ஐஎஸ் இருக்கு சார், கலங்காது" என்பார்கள். ஐஎஸ் (கேனான் வைத்த பெயர்), விஆர் (நிக்கான் வைத்த பெயர்) எல்லாம் உங்கள் கை நடுக்கத்தைச் சரிசெய்யும். பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்தாது. இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்துதான் பல பேர் முதல் மாதத்திலேயே "கேமரா சரியில்லை" என்று மூலையில் வைத்துவிடுகிறார்கள்.

எஃப் 1.8-ல் ஒரு சிக்கலும் உண்டு. 50 எம்எம் லென்ஸை முழுதாகத் திறந்து வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து பிள்ளையை எடுத்தால், ஃபோகஸில் இருக்கிற ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர்தான். கண்ணில் ஃபோகஸ் விழுந்தால் காது மங்கும். பிள்ளை ஓர் அங்குலம் முன்னால் சாய்ந்தால் கண்ணே மங்கும். நான் வீட்டுக்குள் குழந்தைகளை எடுக்கும்போது எஃப் 2.2, எஃப் 2.5 என்று கொஞ்சம் மூடி வைத்துக்கொள்வேன். அப்போதும் கிட் லென்ஸைவிட ஐந்தாறு மடங்கு வெளிச்சம் கிடைக்கும்.

பிரைம் என்றதும் எல்லோரும் 50 எம்எம் சொல்வார்கள். விலை குறைவு, படமும் நன்றாக வரும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பார்க்கிற பாடிகள் எல்லாம் க்ராப் சென்சார், அதாவது படம் பதிகிற சென்சார் முழு ஃப்ரேமைவிடச் சின்னது. நிக்கானில் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு இறுகித் தெரியும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் கேனானில் 50 எம்எம் உங்களுக்குக் காட்டுவது 1.3 மீட்டர் அகலம். பாட்டியும் பேரனும் வருவார்கள், தாத்தா வர மாட்டார். நம் வீட்டு ஹாலில் மூன்று மீட்டர் பின்னால் போனாலே முதுகு சுவரில் முட்டும். நிக்கானில் 35 எம்எம் போட்டால் அதே இடத்தில் நின்று இரண்டு மீட்டர் அகலம் வரும், மூன்று பேரும் அடங்குவார்கள். நிக்கானிடம் க்ராப் பாடிகளுக்கென்றே செய்த 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸ் 2009-லிருந்து இருக்கிறது. பழைய மார்க்கெட்டில் தாராளமாகக் கிடைக்கும். கேனானில் இதற்குச் சமமாக, இதே விலையில், எஃப் 1.8-ல் ஒன்று கிடையாது. 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் என்று அப்பளம் போல மெலிந்த ஒரு லென்ஸ் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த லென்ஸ் அது, ஆனால் 1.8 விடுகிற வெளிச்சத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் விடும். உங்கள் வீட்டுக்கு நான் 35-தான் சொல்வேன். வீதியுலாவிலும் அதுவே போதும்: சப்பரம் உங்களை நெருங்குகிற நேரத்தில், விளக்கொளி சாமி முகத்தில் விழும்போது, நீங்கள் நிற்பது நாலைந்து மீட்டரில்தான் இருக்கும்.

இனி தூரம். 1500டி இரட்டை கிட்டில் வருகிற இரண்டாவது லென்ஸ் 55-250. முப்பது மீட்டரில் 250 எம்எம் காட்டுகிற அகலம் ஏறத்தாழ 2.7 மீட்டர். சிறகு விரித்த கூழைக்கடா அதில் கிட்டத்தட்ட ஓரம் தொட்டு நிறையும். கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீடுகளுக்கு நடுவில் இருக்கிற மரங்களில் கூடு கட்டுகிற இடம் என்பதால், இந்த லென்ஸே உங்களுக்கு நிறையப் படம் கொடுக்கும். அதே முப்பது மீட்டரில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால் அது படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதைப் பெரிதாகக் காட்ட 150-600 போன்ற லென்ஸ் வேண்டும். சிக்மாவும் டாம்ரானும் செய்கிற அந்த லென்ஸ்கள் இரண்டு கிலோ எடை, உங்கள் பட்ஜெட்டையும் தாண்டும். இப்போதைக்கு பெரிய பறவை, பகல் வெளிச்சம், காலை ஏழு எட்டு மணி என்று வைத்துக்கொண்டால் 250 அல்லது 300 எம்எம் போதும். வெயிலில் எஃப் 5.6, எஃப் 6.3 எல்லாம் ஒரு குறையே இல்லை. பறக்கும் பறவைக்கு 1/1600 வைத்தாலும் ஐஎஸ்ஓ அடக்கமாகவே இருக்கும்.

லென்ஸ் எதுவென்று தெரிந்த பிறகுதான் மவுன்ட் (பாடியில் லென்ஸ் மாட்டுகிற இடம்) பேச்சு. கேனான் லென்ஸ் நிக்கானில் மாட்டாது, நிக்கான் லென்ஸ் கேனானில் மாட்டாது, இது எல்லோருக்கும் தெரியும். ஒரே கம்பெனிக்குள்ளேயே பொருந்தாத விஷயங்கள் உண்டு, அதுதான் புதிதாக வாங்குகிறவரைக் கடிக்கும். நிக்கான் டி5600, டி3500 போன்ற சின்ன பாடிகளுக்குள் ஆட்டோஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய மார்க்கெட்டில் 50 எம்எம் எஃப் 1.8 ஏஎஃப்-டி (உள்ளே மோட்டார் இல்லாத பழைய வகை) மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால், மாட்டும், படமும் எடுக்கும், ஃபோகஸை மட்டும் நீங்கள் கையால் திருப்ப வேண்டும். ஓடுகிற பிள்ளையை அப்படி எடுக்க முடியாது. லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி (இரண்டிலும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே) என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துதான் காசு கொடுக்க வேண்டும். ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி5600-ல் முழுசாக வேலை செய்யும், டி90 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. 70-300 ஏஎஃப்-பி டிஎக்ஸ் லென்ஸ் இரண்டு விதமாக வந்திருக்கிறது, ஒன்றில் விஆர் உண்டு, ஒன்றில் இல்லை. பறவைக்கு விஆர் உள்ளதை எடுங்கள், பெயரிலேயே விஆர் என்று இருக்கும். கேனானில் இந்தத் தலைவலி குறைவு. 1987-ல் இஎஃப் மவுன்ட் வந்த நாளிலிருந்து மோட்டார் லென்ஸுக்குள்ளேயேதான். பழைய இஎஃப் லென்ஸைக்கூட 1500டி-யில் மாட்டி ஆட்டோஃபோகஸ் செய்யலாம். இது கேனானின் பெரிய பலம்.

பாடிகளை நேருக்கு நேர் வைத்தால், இரண்டிலும் 24 மெகாபிக்சல், சென்சார் அளவும் அருகருகேதான். படத்தின் தரத்தில் உங்கள் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் ஃபோகஸில் இருக்கிறது. 1500டி-யில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள், டி5600-ல் முப்பத்தொன்பது. நடுவில் இருக்கிற ஒருவரை நிற்கவைத்து எடுக்க ஒன்பது போதும். மூலையில் விளையாடுகிற பிள்ளைக்கும், பறந்து வருகிற நாரைக்கும் அந்த முப்பத்தொன்பது உதவும். டி5600-ன் திரை மடங்கி விரியும், தொட்டால் வேலை செய்யும். தரையில் தவழ்கிற பிள்ளையின் கண் உயரத்துக்குக் கேமராவை இறக்கி எடுக்கும்போது இதன் அருமை தெரியும். 1500டி-க்கு அது இல்லை. மலிவாக இருக்கிறதென்று 3000டி-யைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், லென்ஸ் மாட்டுகிற வளையமே அதில் பிளாஸ்டிக்.

கேனான் பக்கம் போவதாக இருந்தால் 1500டி-யைவிட 200டி மார்க் 2 பாருங்கள். வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல்) அதற்கும் ஒன்பது புள்ளிதான். ஆனால் திரையைப் பார்த்து எடுக்கும்போது டூயல் பிக்சல் ஃபோகஸ் வேலை செய்யும், கண்ணைத் தேடிப் பிடிக்கும், பிள்ளைகளுக்கு அது நல்ல துணை. ஒரு குறை உண்டு, கடையில் யாரும் சொல்வதில்லை. அதன் ஹாட் ஷூவில் (மேலே ப்ளாஷ் மாட்டுகிற இடம்) நடுப் பின் இல்லை. வேறு கம்பெனியின் சாதாரண மேனுவல் ப்ளாஷ் அதில் எரியாது. ப்ளாஷ் உங்களுக்கு முக்கியமா என்று கேட்டால், ஆம். வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பி அடித்த ஒரு சின்ன ப்ளாஷ், டியூப்லைட் ஹாலை ஜன்னலோரம் மாதிரி ஆக்கிவிடும். மூன்றாவது செலவாக அதை வைத்துக்கொள்ளலாம்.

மிரர்லெஸ் பற்றி. கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் கொண்டுவரவில்லை. இரண்டு கம்பெனியின் வேலையும் 2018-ல் தொடங்கிய ஆர்எஃப் (கேனான்), இசட் (நிக்கான்) என்கிற மிரர்லெஸ் மவுன்ட்களில்தான் நடக்கிறது. இது நடந்து முடிந்த விஷயம். இதிலிருந்து "டிஎஸ்எல்ஆர் வாங்குவது முட்டாள்தனம்" என்கிற முடிவுக்குப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் இது என் கணிப்பு மட்டுமே, உங்களுக்கு வேறு மாதிரிப் படலாம். புது மாடல் வராததால்தான், கல்யாண வேலை செய்கிறவர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறியபோது நல்ல டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் வரிசையாக விற்பனைக்கு வந்தன. கைக்காசு போட்டுக் கற்றுக்கொள்கிறவருக்கு இது நல்ல காலம். மிரர்லெஸ்ஸில் கேனான் ஆர்50 நல்ல கேமரா, கண் பிடிக்கிற ஃபோகஸ் டி5600-ஐவிட வெகுதூரம் முன்னால். ஆனால் அதோடு வருகிற 18-45 லென்ஸ் எஃப் 4.5-லிருந்து 6.3 வரைதான், பழைய கிட் லென்ஸைவிட இருட்டு. உங்கள் 60,000 பாடியிலும் அந்த லென்ஸிலுமே தீர்ந்துவிட்டால், சாயங்காலப் பிரச்சினை அப்படியே இருக்கும். பட்ஜெட் இன்னொரு பாதி இருந்திருந்தால் ஆர்50-உம் ஒரு பிரைமும் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

பிற்காலத்தில் மாற நினைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். கேனான் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர் வரிசை பாடிகளில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். நிக்கான் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் எஃப்டிஇசட் அடாப்டரில் இசட் பாடிகளில் ஆட்டோஃபோகஸோடு ஓடும், ஏஎஃப்-டி-க்கு அதில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஆகவே இன்று வாங்குகிற நல்ல லென்ஸ் வீணாகாது.

இப்போது நேரடியாகக் கேட்டால் நேரடியான பதில்: தெரிந்தவரின் டி5600 நல்ல நிலையில் இருந்தால் அதை 18-55 கிட் லென்ஸோடு எடுங்கள். மிச்சத்தில் முதலில் 35 எம்எம் எஃப் 1.8. கூந்தன்குளத்துக்கான 70-300 விஆர், பணம் மீந்தால் இப்போதே, இல்லையென்றால் சீசனுக்கு முன்னால். பிள்ளை தினமும் வீட்டில் இருக்கிறது, பறவைக்கு வருஷத்தில் சில வாரம்தான் போவீர்கள். அதனால்தான் இந்த வரிசை. ஒன்று மட்டும் இந்த யோசனையை மாற்றும். உங்கள் தம்பியோ அலுவலக நண்பரோ கேனான் வைத்திருந்து, லென்ஸைக் கேட்டால் கொடுப்பவராக இருந்தால், நீங்களும் கேனானே வாங்குங்கள். கடன் வாங்கிப் போட்டுப் பார்க்கிற லென்ஸிலிருந்து கற்றுக்கொள்வது அதிகம்.

பழைய பாடியை எப்படிப் பார்ப்பது? டி5600-ன் ஷட்டர் ஒரு லட்சம் முறை அடிக்கும் என்று மதிப்பிட்டது. அது அந்தக் கணக்கில் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை, ஆனாலும் பேரம் பேச அது ஓர் அளவு. நிக்கான் அந்த எண்ணிக்கையைப் படத்துக்குள்ளேயே எழுதும், அதனால் ஒரு ஜேபெக் படத்தை அப்படியே வாங்கி வந்து கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். கேனானின் பெரும்பாலான பாடிகளில் அப்படிப் பார்க்க முடியாது, கேபிளில் இணைத்து அதற்கான மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். உங்கள் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். எஃப் 16 வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள், சென்சாரில் அழுக்கோ கீறலோ இருந்தால் புள்ளியாக, கோடாகத் தெரியும். பிறகு ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, லென்ஸை முழுதாகத் திறந்து, வியூஃபைண்டர் வழியாக ஒன்று, திரை வழியாக ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். திரையில் எடுத்தது கூர்மையாகவும் வியூஃபைண்டரில் எடுத்தது மங்கலாகவும் இருந்தால், ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விழுகிறது. டி5600-ல் அதை நீங்களே சரிசெய்துகொள்கிற வசதி கிடையாது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸ் மவுன்டைச் சுற்றியுள்ள திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். பில்லும் பெட்டியும் கேளுங்கள், பாடியின் நம்பர் பில்லில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

லென்ஸுக்கு ஒரே ஒரு சோதனை தவறக்கூடாது. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, இருட்டான மூலையில் நின்று, பின்பக்கமாக டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி, மல்லிகை வேர் மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். தூசி நாலு துளி இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், படத்தில் அது தெரியாது.

ஃபங்கஸ் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம், ஐப்பசி மழையில் கல்யாணமெல்லாம் முடிந்து, ஒரு 85 எம்எம் லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். தை மாதம் முதல் முகூர்த்தத்துக்கு எடுத்துப் பார்த்தபோது நடுக் கண்ணாடியில் விரல் நகம் அளவுக்கு இழை பரவியிருந்தது. சுத்தம் செய்து கொடுத்தார்கள், ஆனால் ஃபங்கஸ் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்த தடம் அப்படியே நின்றது. விளக்குக்கு எதிராக எடுத்தால் இன்றைக்கும் அந்த லென்ஸில் ஒரு பால் மூட்டம் வரும். உங்களுக்கு விலையுயர்ந்த ட்ரை கேபினட் தேவையில்லை. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, இருநூறு கிராம் நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், உள்ளே வைக்க ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளம் சூட்டில் வறுத்து, ஆறவைத்து, திரும்பப் போடுங்கள். பையும் தோல் உறையும் வெளியே கொண்டுபோகத்தான், வீட்டுக்கு வந்ததும் கேமராவை அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டி5600-ஐப் பார்க்கப் போகிற அன்று அதன் ஷட்டர் எண்ணிக்கை, கேட்கிற விலை, கூட வருகிற லென்ஸின் முழுப் பெயர் மூன்றையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.